காதுக் குல்லாவுக்குள் சுருட்டி வைத்த கடிதம்

உதகமண்டலத்து வங்கிக் கிளையின் உதவி மேலாளரும், குளிர்காலத்தில் நாய்களை நடத்திச் செல்லும் கலையில் அகில உலக ஆலோசகரும், என் ஒரே மகளுமாகிய பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப் போகும் கதையை யாரும் நம்ப மாட்டார்கள். நீ நம்ப மாட்டாய். உன் அம்மா, நான் மணி பார்த்துச் சொன்னாலே எழுந்து போய் இன்னொரு கடிகாரத்தைப் பார்ப்பவள், அவள் நம்பவே மாட்டாள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் மூச்சு விடுகிற எந்த ஜீவனும் நம்பாது. நம்பக்கூடியவன் நம் ஜமீன் ஒருவன்தான். அவனோ நாய், அவனுக்குப் படிக்க வராது. ஆனாலும் ஒரு கையைப் பேனாவுக்கும் மறு கையைச் சத்தியத்துக்கும் கொடுத்துவிட்டு, முழங்கால் வலியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, முறைப்படி தொடங்குகிறேன்.

முதலில் வண்டியை ஓரமாக நிறுத்து. நீ இதைப் படிக்கும் இடம் குன்னூரைத் தாண்டி எங்கோ இருக்கும் என்பது என் கணக்கு. கண்ணாடி இடுக்கு வழியாக முதல் குளிர் உன் மூக்கைத் தொட்டிருக்கும். உடனே பின் சீட்டில் தூங்குகிற ஜமீனுக்கும் குளிரும் என்று அவன் பையைத் திறந்திருப்பாய். பொங்கலுக்கு வரும்போது ஊட்டியிலிருந்து வாங்கி வந்து, மாநாட்டுப் பரிசு போல எங்களுக்கு எடுத்துக் காட்டினாயே, சிவப்புக் கம்பளிக் குல்லா, இரண்டு காதையும் மூட இரண்டு மடல், தாடைக்குக் கீழே கட்ட நாடா, அதைத்தான் தேடியிருப்பாய். அதனால்தான் இந்தக் கடிதத்தை அதற்குள்ளேயே சுருட்டி வைத்தேன். கடிதத்தை உருவாமல் குல்லாவை மாட்ட முடியாது. மாட்டாதே. ஏன் என்று சொல்கிறேன். அதைச் சொல்வதற்குள் எனக்கு நாலு பக்கம் ஆகும், நீ கொட்டாவி விடுவாய், ஜமீன் இறங்கி ஒரு தடவை காலைத் தூக்குவான், எல்லாம் நடக்கட்டும். குல்லா மட்டும் பையிலேயே இருக்கட்டும்.

நீயும் உன் அம்மாவும் இப்போது சத்திரம் பக்கம் கடைக்குப் போயிருக்கிறீர்கள். நீ நாளைக் காலையில் ஜமீனையும் கூட்டிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்புகிறாய். நான் இங்கே உட்கார்ந்து எழுத, ஜமீன் என் காலடியில் படுத்து, தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்பது போலக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒரு மழை நாளில் நீ அவனைக் காலேஜ் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். "ரெண்டே நாள்தாம்ப்பா, அப்புறம் யாருக்காவது குடுத்துடலாம்" என்றாய். அந்த இரண்டு நாளுக்கு இப்போது ஒன்பது வயது ஆகிறது. பகலெல்லாம் படுத்துக்கொண்டு, ஊரெல்லாம் தனக்கு வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்த அந்தக் கைக்குழந்தையைப் பார்த்து நான்தான் ஜமீன் என்று பெயர் வைத்தேன். பெயருக்கு ஏற்றபடி வளர்ந்தான். அவனுக்கு நிலம் இல்லை, மானியம் இல்லை. இருந்த ஒரே சொத்து அந்த இரண்டு காது. வலது காது கொடிக்கம்பம், இடது காது பாதியில் மடிந்த கொடி. அந்தக் காதுகளின் பெருமையை நான் மிகைப்படுத்தவில்லை: உன் அம்மா ஃபிரிட்ஜைத் திறக்கலாமா என்று யோசித்தாலே அவன் சமையலறை வாசலில் நிற்பான். என் ஸ்கூட்டர் காவிரிப் பாலத்தில் ஏறினால் இவன் கேட்டுக்கு வந்துவிடுவான். நீ காலேஜ் பஸ்ஸில் ஏறும்போதே இங்கே வால் ஆட ஆரம்பித்துவிடும். அந்தக் காதை நம்பித்தான் நான் ஒன்பது வருஷமாக அவனைக் கயிறு பிடிக்காமல் நடத்தினேன். கயிறு என் தோளில் கிடக்கும், அங்கவஸ்திரம் மாதிரி. ஏதாவது வண்டி வந்தால் அவன்தான் முதலில் ஒதுங்குவான். அவன் ஒதுங்குவதைப் பார்த்து நான் ஒதுங்குவேன். நியாயமாகப் பார்த்தால் அவன்தான் என்னை வாக்கிங் கூட்டிப் போனான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஊட்டியில் முதல் உறைபனி விழுந்த அன்று காலையில், இங்கே என் போன் மேல் இடி விழுந்தது. ஒரு நாளைக்கு நானூறு குரல் செய்தி. "அப்பா, வெளிய போயிட்டு வந்ததும் பாதத்தைத் துடைங்க. அப்பா, விரல் இடுக்குல ஈரம் இருக்கக் கூடாது. அப்பா, இருட்டுல போறீங்க, அவன் கழுத்துல மின்னுற பட்டை கட்டுங்க. அப்பா, கயிறைக் கையில பிடிங்க. அப்பா, வெயில் வந்தப்புறம் போனா என்ன? அப்பா, வயசான நாய், மழையோ பனியோ நடையை மட்டும் நிறுத்திடாதீங்க. அப்பா, அவன் தண்ணி குடிக்கிறானா?" தாயே, நான் முப்பது வருஷம் ஃபாக்டரியில் பாய்லர் செய்தவன். அந்தப் பாய்லருக்குக்கூட இவ்வளவு எச்சரிக்கை எழுதி ஒட்டியதில்லை. நான் திருப்பி என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கும். "இது ஸ்ரீரங்கம் பாப்பா. இங்க குளிர்காலம்னா ஃபேனை நாலுலேர்ந்து ரெண்டுக்குக் குறைக்கிறது" என்றேன். உன் அம்மா பின்னாலிருந்து, "ரெண்டுல இவருக்கு வேர்க்குதாம், மூணுல வச்சிருக்காரு" என்றாள். உனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு நாய் விஷயத்தில் சிரிப்பு வராது என்பது நீ என்னிடமிருந்து பெறாத ஒரே குணம்.

நான் அப்படிச் சொன்னதற்குத் தண்டனை போல இந்த வருஷ மார்கழி வந்தது பார். இனி வருவதைச் சத்தியத்தோடு சேர்த்துப் படி. முதல் நாள் காலை உன் அம்மா காபி ஆற்றினாள். மேல் டம்ளரிலிருந்து கீழ் டபராவுக்கு இறங்குவதற்குள் காபி நடுவானில் உறைந்து கயிறாகத் தொங்கியது. ஒடித்து ஒடித்துத்தான் குடித்தோம். மலைக்கோட்டை மூடுபனியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எட்டு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் காலையில் எனக்கு வணக்கம் சொன்னார். அந்த வணக்கம் வழியிலேயே உறைந்து, வெயில் வந்து பதினொரு மணிக்குத்தான் என் காதுக்கு வந்து சேர்ந்தது. நான் அதற்குள் வீட்டுக்குள் போய்விட்டதால், பதில் வணக்கம் சொல்லவில்லை என்று அவர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்படிப்பட்ட குளிரில்தான் உன் ஜமீன் தினமும் ஐந்து மணிக்கு என் போர்வை நுனியைப் பல்லால் பிடித்து இழுத்தான்.

பாதத்தைத் துடைக்கச் சொன்னாயே, அதை நான் முதலில் செய்யவில்லை. அங்கே ஊட்டியில் சேறு, பனி. இங்கே என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். இங்கே கோலம் இருக்கிறது என்பதை மறந்தேன். மார்கழியில் நம் தெருவில் கால் வைக்க இடம் எங்கே? வாசலுக்கு வாசல் தேர், தாமரை, கிளி, ஈரம் காயாத கலர்ப் பொடி. நான் ஓரமாக நடனக்காரன் மாதிரி எட்டு வைத்து நடக்க, ஜமீன் நடு ராஜபாட்டையில் போனான். வீட்டுக்கு வந்தால் கூடத்திலிருந்து ஃபிரிட்ஜ் வரைக்கும் நாலு நிறத்தில் காலடி. மறுநாள் மூன்றாவது வீட்டு மாமி வாசலில் கையில் பொடி டப்பாவோடு காத்திருந்தார். "மாமா, நேத்திக்கு உங்க ஜமீன் என் தாமரைக்கு நாலு இதழ் கூடப் போட்டுட்டுப் போயிட்டான். நன்னாத்தான் இருந்தது. ஆனா அந்தப் பொடியை நக்கினான்னா அவன் வாய் புண்ணாயிடும், அலம்பி விடுங்கோ" என்றார். நான், "அவன் கலைஞன் மாமி" என்று பெரிதாகப் பேசிவிட்டு வந்தேன். இரண்டு நாளில் கலைஞனுக்கு விரல் இடுக்கெல்லாம் சிவந்து, ராத்திரியும் பகலும் பாதத்தையே நக்கிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம்தான் வாசலில் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரும் என் பழைய வேட்டித் துண்டும் வைத்தேன். கழுவினேன், ஒவ்வொரு விரல் இடுக்கையும் ஒற்றித் துடைத்தேன். குனிந்ததில் என் இடுப்பு போட்ட சத்தம் சமயபுரம் வரை கேட்டது. இரண்டே நாளில் ஆறிவிட்டது. ஆக, பாதம் விஷயத்தில் நீ சொன்னது சரி. இதை எழுத எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்பதை என் கையெழுத்தே காட்டும்.

இன்னும் எரிச்சல் என்னவென்றால், நீ எனக்குச் சொன்னதையெல்லாம் இப்போது நான் உனக்கே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நீ என்னவோ முடிவு எடுத்து வைத்திருக்கிறாய்: பனி முடிகிறவரை ஜமீனை வெளியே விடப் போவதில்லை, மாடி வராந்தாவிலேயே வைத்துக்கொள்ளப் போகிறாய், கீழே தோட்டம் வரை போனாலும் குல்லாவோடுதான். அப்படிச் செய்யாதே. பையில் டாக்டர் சீட்டு இருக்கிறது. தினமும் இரண்டு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக, சமதரையில் நடக்க வேண்டும், நடக்காமல் போட்டு வைத்தால் மார்கழியில் அடிபட்ட அந்தப் பின்னங்கால் விறைத்துவிடும் என்று எழுதியிருக்கிறார். நான் எழுதிய சீட்டு என்று சந்தேகப்படாதே. அந்தக் கையெழுத்தை எந்த மனுஷனாலும் போலியாகப் போட முடியாது. அவனைப் புல்லில் வெள்ளை கரைந்து வெயில் விழுந்த பிறகு கூட்டிப் போ. நம் ஊர் நாய், அவன் மேல் இருப்பது மயிர் இல்லை, வெறும் நிறம். முதுகையும் வயிற்றையும் மூடுகிற மாதிரி ஒரு சட்டை போடு, அது ஈரமானால் உடனே கழற்று. ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தானென்றால் அவன் நடிக்கவில்லை, தரை சுடுகிற மாதிரி குளிர்கிறது என்று அர்த்தம், அப்படியே திரும்பிவிடு. நிறுத்திய வண்டிக்குக் கீழே பச்சையாக, நீலமாகத் தண்ணீர் தேங்கியிருந்தால் மூக்கை வைக்க விடாதே, அது இன்ஜினில் ஊற்றுகிற சமாச்சாரம், இனிக்குமாம், ஆளையே கொல்லுமாம். வீட்டுக்கு வந்ததும் வெறும் தரையில் படுக்க விடாதே. அவன் பழைய சாக்கையும் பையிலேயே வைத்திருக்கிறேன், நாற்றத்தைப் பார்த்துத் துவைத்துவிடாதே, அதில்தான் அவனுக்குத் தூக்கம் வரும். எல்லாவற்றுக்கும் மேல், கயிறு. கயிறு உன் கையில் இருக்க வேண்டும், தோளில் இல்லை.

சரி, இப்போது அந்தக் கால் எப்படிப் போனது என்ற கதை. அம்மா மண்டபம் போகிற வழியில் டீக்கடையில் நாங்கள் நாலு ரிட்டயர்டு ஆட்கள் கூடுவது உனக்குத் தெரியும். நடப்பது நாலு தெரு, உட்கார்ந்து பேசுவது நாற்பது மைல். அதில் போஸ்ட்மாஸ்டர் ஒருவர். மார்கழி பிறந்துவிட்டால் தலையில் குரங்குக் குல்லா, அதன் மேல் மஃப்ளர், அதன் மேல் சால்வை என்று வருவார்; உள்ளே இருப்பது அவர்தானா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் அன்றைக்கு ஜமீனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், நாயை வெறுங்காதோட கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"நாய்ங்க அது. அது காது, அதோட இஷ்டம்."

"பனி எங்கேர்ந்து இறங்கும்னு நினைக்கிறீங்க? கால் வழியாவா? காது வழியாத்தான் இறங்கும். மனுஷனுக்கும் அதான், மாட்டுக்கும் அதான்."

டீ மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டே, "எங்க மாமனார் ஊரு உப்பிலியபுரம் சார். பச்சமலைப் பனிக்கு கன்னுக்குட்டிக்குச் சாக்குப் போத்துவாங்க" என்றார்.

"சாக்கு உடம்புக்குப்பா. நான் சொல்றது காது," என்று போஸ்ட்மாஸ்டர் மஃப்ளரை இன்னொரு சுற்று இறுக்கினார். "நாளைக்கு இழுப்பு வந்து மூச்சு முட்டிச்சின்னா, ஊட்டியில இருக்கற பொண்ணுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

"அவ எழுதாத பதிலா. கேள்வியையும் அவளே அனுப்பிடுவா."

சிரித்தோம். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் இறங்கிவிட்டது, பனி இறங்குவதாக அவர் சொன்ன அதே வழியாக. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் உன் நானூறு செய்திகளையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பாதம் இருக்கிறது, விரல் இடுக்கு இருக்கிறது, முதுகு, வயிறு, தண்ணீர், படுக்கை எல்லாம் இருக்கிறது. காது இல்லை. பாப்பா, அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் ஒளிப்பதில் அர்த்தமில்லை. உலக ஆலோசகர் ஒரு உறுப்பையே விட்டுவிட்டாள், அதை இந்தக் கிழவன் கண்டுபிடித்துவிட்டான். இந்த ஒன்றிலாவது உன்னை மிஞ்சி, பொங்கலுக்கு நீ வரும்போது போகிற போக்கில் சொல்லிக் காட்டலாம் என்று இருந்தது.

அதற்கு மறுநாள் காலை நடந்ததைப் பற்றி நம் தெருவுக்கு நான் சொன்ன வரலாறு வேறு. அதையும் கேள். கொள்ளிடத்தில் ஒரு முதலை. குளிர் தாங்காமல் கரையேறி, வடக்கிலிருந்து ஏழு வீதியையும் குறுக்கே கடந்து, வழியில் ஒரு கோலத்தையும் மிதிக்காமல், அம்மா மண்டபம் டீக்கடை அடுப்போரம் வந்து குந்தியது. டீ மாஸ்டர் இருட்டில் பெஞ்சு என்று நினைத்துத் துணியால் துடைத்தார். போஸ்ட்மாஸ்டர் உட்காரப் போனார். ஜமீன் பாய்ந்தான். முதலை வாலைச் சுழற்ற, ஜமீன் பின்னங்காலில் அடி வாங்கியபடியே அதன் மூக்கைக் கவ்வி, காவிரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்த் தள்ளினான். இதை நான் ஏழெட்டுப் பேரிடம் சொன்னேன். கடைசியாகக் கேட்டவர், அதே முதலையை முக்கொம்பில் பார்த்ததாக எனக்கே சொன்னார்.

வீட்டில் இந்த வரலாறு செல்லாது என்பதால், உன் அம்மாவிடமும் போனில் உன்னிடமும் வேறு ஒன்று சொன்னேன்: அம்மா மண்டபம் படித்துறையில் ஈரம், ஜமீன் வழுக்கி விழுந்துவிட்டான், எலும்பில் கீறல், மூன்று வாரம் கட்டு. சின்னப் பொய், யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். நீ போனில், "நான்தாம்ப்பா காரணம். வயசான நாயை மழையோ பனியோ தினமும் நடக்க விடுங்கன்னு நான்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றாய். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "டவர் சரியில்லை" என்று வைத்துவிட்டேன். அந்தச் சின்னப் பொய்யிலிருந்துதான் உன் முடிவு முளைத்தது, ஈரமென்றால் நடையே வேண்டாம் என்று. அதிலிருந்துதான் குல்லாவும் முளைத்தது.

சொல்ல முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதே. போகிப் பண்டிகை அன்று நீ வந்து, குல்லாவை எடுத்து அவன் தலையில் அளவு பார்த்தாயே, அப்போதே உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "பாப்பா, படியில வழுக்கலை. வேற நடந்துச்சு" என்று ஆரம்பித்தேன். நீ குல்லாவின் நாடாவைக் கட்டிக்கொண்டே, "தெரியும்பா, மூணாம் வீட்டு மாமி சொன்னாங்க. முதலைதானே" என்றாய். உன் அம்மா சிரித்ததில் அவள் கையிலிருந்த தட்டு நழுவியது. நான் இன்னொரு முறை வாயைத் திறந்தேன். "போதும்பா, அடுத்தது புலியா?" என்றாய். ஐம்பது வருஷமாக நான் பாடுபட்டுச் சேர்த்த பெயர் அன்றைக்கு என்னைச் சரியாக வந்து சேர்ந்தது. உண்மையைச் சொல்ல வந்தவனை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டது. அதனால்தான் கடிதம். எழுத்தில் என் முகம் தெரியாது. கண்ணைச் சிமிட்டுகிறேனா என்று நீ பார்க்க முடியாது.

ஆகவே, இந்தக் கடிதத்தில் காபி பொய். மலைக்கோட்டை போர்த்திக்கொண்டது பொய். எதிர்வீட்டுக்காரர் பேசாததற்குக் காரணம் வேறு, அதை உன் அம்மாவிடம் கேட்காதே. முதலை பொய், படித்துறை அதைவிடப் பெரிய பொய். இத்தனைக்கும் நடுவில் ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். ஒரு முடிச்சு அளவுதான் இருக்கும்.

தீபாவளிக்கு நீ எனக்கு அனுப்பிய பழுப்பு மஃப்ளரை, போஸ்ட்மாஸ்டர் பேச்சைக் கேட்ட மறுநாள் காலையில் நான் அவன் தலையைச் சுற்றி, இரண்டு காதையும் அழுத்தி மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டேன். இரட்டை முடிச்சு. கயிறு வழக்கம் போல என் தோளில். இருட்டு, மூடுபனி, அவன் எனக்குப் பத்தடி முன்னால் நடுத்தெருவில் போனான். பின்னாலிருந்து, விடிகாலையில் தெருத்தெருவாகப் பன் விற்கிற நம் பன் பாய் வந்தார். அவர் இப்போது வைத்திருப்பது கரண்டு ஸ்கூட்டர், சத்தமே வராது, சக்கரம் தரையில் உரசுகிற சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்தை ஜமீன் மற்ற நாளில் தெருக்கோடியிலேயே கேட்டு, பன்னுக்காக ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவான். பாய் இரண்டு தரம் ஹாரனும் அடித்தார். நான் ஒதுங்கினேன். அவனும் ஒதுங்குவான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிடக்கூட இல்லை. எதற்குக் கூப்பிட வேண்டும், ஒன்பது வருஷமாக எனக்கு முன்னால் ஒதுங்குகிறவனை?

பாய் வண்டியைச் சாய்த்து விழுந்துதான் அவனைக் காப்பாற்றினார். சக்கரம் பின்னங்காலில் ஏறியதோடு போயிற்று. பன்னெல்லாம் தெருவில். "ரெண்டு வாட்டி அடிச்சேன் சார், அல்லா சத்தியமா ரெண்டு வாட்டி அடிச்சேன்," என்று சொல்லிக்கொண்டே அவர்தான் அவனைத் தூக்கிக்கொண்டார்; முழங்கை சிராய்த்து ரத்தம் வந்ததைக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் வீட்டு வாசலில் மஃப்ளரை அவிழ்க்க எனக்கு வரவில்லை. பாய்தான் அவிழ்த்தார். அவிழ்த்து, மடித்து, என் கையில் கொடுத்தார். காதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் ஒரு பன்னோடு வந்து ஜமீனைப் பார்த்துவிட்டு, போகும்போது என்னிடம், "பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்பார். "சொல்லணும் பாய்" என்பேன். இத்தனை நாளாக இதே பேச்சுத்தான். நாளைக்கு அவருக்கு வேறு பதில் சொல்வேன்.

ஆகவே காரணம் நீ இல்லை, நடை இல்லை, ஈரமும் இல்லை. அவனை நடத்து. குல்லாவின் மடல் இரண்டையும் வெட்டிவிட்டு, வேண்டுமானால் டீ கெட்டிலுக்குப் போடு. அங்கே மூடுபனியில் லாரி எந்த வளைவில் வருகிறது என்று உனக்கு முன்னால் அவனுக்குத்தான் தெரியும். நான் இப்போது மஃப்ளர் கட்டுவதில்லை. ஏன் வீம்பு பிடிக்கிறீர்கள் என்று உன் அம்மா திட்டுகிறாள், எனக்குப் பத்து நாளாக ஜலதோஷம். அதை அலமாரியிலிருந்து எடுத்தாலே ஜமீன் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறான்.

அந்த முடிச்சைப் போடும்போது அவன் தலையை இரண்டு தரம் உதறினான். முன்னங்காலால் மஃப்ளரைத் தள்ளப் பார்த்தான். அப்புறம் அண்ணாந்து என்னைப் பார்த்தான். "சும்மா இருடா, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றேன். அது அவனுக்குக் கேட்டிருக்காது.

அப்பா